கையெழுத்துக்குக் காற்று இலவசம்

பிப்ரவரி 4
பஞ்சர் கடை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு என் மேல் இருக்கும் கோபமும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது, நாளுக்கு நாள் தேறி வருகிறது. போனில் சொல்லாமல் இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நாடாளுமன்ற வாசலிலேயே உன் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் நீ விடுதிக்குப் போய்க் கூப்பிட்டால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். என் பங்குக்குக் கிடைப்பது “வைக்கிறேன்ப்பா” மட்டும். கடிதத்தை நடுவில் யாரும் பிடுங்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ரயில்வே கேட்டை ஒரேயடியாக மூடப்போகிறார்களாம். போர்டு வைத்துவிட்டார்கள். வண்டிக்காரர்களுக்கு மேம்பாலம் இருக்கிறது, சுற்றிக்கொண்டு போவார்கள். நடக்கிறவன் என்ன செய்வான்? பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். மேம்பாலத்தில் நடைபாதை கிடையாது. லாரியோடு லாரியாக உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சரை உனக்குத் தெரியுமே, ரிட்டயர் ஆனதும் இன்னும் அதிகமாக அதட்டுகிறார். அவர்தான் சொன்னார், நாடாளுமன்றத்துக்கு யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம், அதைப் படிக்க மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, நம் எம்.பி. கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்தால் போதும் என்று. எனக்கு இது புதுசு. ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு வீட்டுக்கு வந்தால் என் பங்கு முடிந்தது, மை அழிகிற வரைக்கும் ஆட்சியைத் திட்டலாம், அப்புறம் மறந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

எம்.பி.யைப் பிடிக்க நடையாய் நடந்தேன். ஆபீசில் ஒரு நாளும் ஆள் இல்லை. கடைசியில் அவர் கார் டயரே என் கடைக்கு முன்னால் பஞ்சர் ஆனது. ஆணி நான் போட்டதில்லை, சத்தியம். நட்டை எவ்வளவு மெதுவாக முடுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக முடுக்கினேன். நாலாவது நட்டுக்குள் மனுவை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். கார் பானெட் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

ஜனங்கள் கையெழுத்தும் கட்டுக் கட்டாகச் சேர்ந்துவிட்டது. டீச்சர் வீடு வீடாக ஏறி வாங்கியதைவிட என் கடை வாசலில் சேர்ந்தது பல மடங்கு. எப்படி என்று கேட்காதே, தொழில் சூட்சுமம்.

உன் அம்மா சொல்கிறாள்: “ஊருக்காகவா அலையறீங்க? கேட்ல நிக்கிற வண்டிதான் உங்க பொழப்பு. அது போயிடும்னு அலையறீங்க.” பொய் இல்லை. கேட் மூடி நிற்கும்போதுதான் மனிதன் தன் டயரைத் திரும்பிப் பார்க்கிறான். தினமும் மூடினால் எனக்கு வருமானம், ஒரேயடியாக மூடினால் பட்டினி. ஊருக்கும் எனக்கும் சேர்த்தேதான் அலைகிறேன்.

ஒரே ஒரு உதவி. அந்தக் குழுவில் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதுகிறவள் நீ. எங்கள் மனு எங்கேயாவது அடியில் கிடந்தால் கொஞ்சம் மேலே எடுத்து வை. லாரி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் அப்பா


பிப்ரவரி 11
விடுதி

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எம்.பி. கார் கதையை என் அறைத்தோழிக்குப் படித்துக் காட்டினேன், ஆணியைப் பற்றி அவளுக்கும் சந்தேகம் இருக்கிறது.

மனுவை மேலே எடுத்து வைக்கச் சொல்கிறீர்கள். அது என் வேலை இல்லை அப்பா. அந்த அறையில் நான் ஒரு மேஜை மாதிரி. பேசுவதை எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். மனு கொடுத்தவர் என் அப்பா என்று எங்கள் பிரிவுத் தலைவரிடம் கடிதம் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இன்னும் நான் தகுதிகாண் காலத்தில்தான் இருக்கிறேன். ஜூனில்தான் நிரந்தரம்.

நல்ல செய்தி ஒன்று. அதை நான் செய்யவில்லை, மனுவே செய்தது. குழு அதை ஏற்றுக்கொண்டு உங்களைச் சாட்சியாக அழைக்கப்போகிறது. முறையான அழைப்பு வரும். இது கோர்ட் இல்லை, பயப்படாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம், மந்திரிகளே சொல்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஜோக் அடிக்காதீர்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறித்தான் எழுதுவோம். அன்று என்னை விட்டுவிடும்படி கேட்டிருக்கிறேன். அதனால் என்னைத் தேட வேண்டாம். முடிந்ததும் வாசலில் பார்க்கலாம்.

அம்மாவிடம் போனைக் கொஞ்சம் உங்களுக்கும் கொடுக்கச் சொல்கிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 2
பஞ்சர் கடை

அன்புள்ள மேஜைக்கு,

அழைப்பு வந்தது. முத்திரை குத்திய உறையைப் பார்த்துவிட்டு தபால்காரர், “என்ன கேஸ்ல மாட்டினீங்க?” என்று கேட்டார். தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் தேதியைத் தள்ளிவைத்து இன்னொரு உறை வந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், குமிழி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது மறந்துபோகிறது. நேற்று ஒருவருக்கு நல்ல டயரைக் கழற்றி ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் ஒத்திகை நடக்கிறது. அம்மாதான் குழுத் தலைவர். நான் நின்றுகொண்டு, “மாண்புமிகு தலைவர் அவர்களே” என்று ஆரம்பித்தால், “காஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சு, அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க” என்கிறாள். இதைவிடக் கஷ்டமான கேள்வியை உன் குழுவில் கேட்டுவிட முடியாது என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே தைரியம். டீச்சர் வேறு, நான் எட்டாவதோடு நின்றதை வட்டியோடு ஈடுகட்டப் பார்க்கிறார். பேச்சை எழுதிக்கொடுத்து, மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லி, தப்பினால் முறைக்கிறார்.

ஜோக் அடிக்க மாட்டேன். உன் மேல் ஆணை.

அப்பா


மார்ச் 18
பஞ்சர் கடை

அன்புள்ள மகளுக்கு,

வாசலில் காத்திருக்காமல் ரயில் ஏறிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. நடந்தது உனக்குத் தெரியும், நீயே எழுதினாய். ஆனாலும் என் பக்கத்தில் இருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்லியாக வேண்டும்.

முதலில் நன்றாகத்தான் போனது. குழுவுக்குத் தலைவர் ஒரு அம்மா, தங்கமான மனுஷி. “தண்ணி குடிச்சிட்டு நிதானமா சொல்லுங்க” என்றார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மேம்பாலம், எல்லாம் சொன்னேன். டீச்சர் எழுதிக்கொடுத்தது அப்படியே வந்தது. அப்போதுதான் அந்த மூக்குக்கண்ணாடி உறுப்பினர் ஆரம்பித்தார்.

“கையெழுத்துல பெரும்பகுதி உங்க கடையில வாங்கினது. போட்டவங்க எல்லாரும் மனுவைப் படிச்சாங்களா?”

பதிலுக்கு வாயைத் திறக்கிறேன், எழுதிக்கொண்டிருந்த மனிதர் இருமிக்கொண்டே எழுந்து வெளியே போகிறார், கதவு திறக்கிறது, நீ வந்து உட்காருகிறாய். மாதக்கணக்கில் பார்க்காத பிள்ளை. கழுத்தெலும்பு தெரிகிறது. குனிந்தவள் நிமிரவே இல்லை. டீச்சர் எழுதிக்கொடுத்த பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. உன்னை ஒரு தடவை சிரிக்க வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு இருந்தது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் உன்னிடம் பேசுகிற மாதிரியே பேசிவிட்டேன்.

“படிச்சாங்களோ இல்லையோ சார், காத்து அடிச்சிட்டுப் போனாங்க. ஒரு கையெழுத்து போட்டா ரெண்டு சக்கரத்துக்கும் காத்து ஃப்ரீ.”

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. “லாரிக்கு?” என்றார்.

“லாரிக்கு டிரைவர், கிளீனர், ரெண்டு கையெழுத்து சார்.”

“அப்போ உங்க ஊர்லயே இல்லாத ஆளுங்க. இது மனு இல்ல பெரியவரே, காத்து அடிச்சதுக்கு ரசீது.”

அப்புறம் நான் என்ன சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை. கேட்டையும் சேர்த்து மூடிவிட்டு வந்தவன் நான்தான்.

உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. மனுவை மேலே எடுத்து வை என்று ஒரே ஒரு தடவை கேட்டேன், நீ மாட்டேன் என்றாய், விட்டுவிட்டேன். இது வேறு. அந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துவிடு. அச்சில் வராவிட்டால் அது சொன்னதாகவே ஆகாது. ஊரே அந்தத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கோடு போட்டால் போதும், யாருக்கும் தெரியாது.

அப்பா

பின்குறிப்பு: ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.


மார்ச் 23
விடுதி

அப்பாவுக்கு,

அன்று என் முறை இல்லை. எழுத வேண்டியவருக்கு இருமல் அடங்கவில்லை, வேறு ஆள் இல்லை, பிரிவுத் தலைவர் என்னைப் பார்த்தார், போனேன்.

அந்த வரிகளை எடுக்க மாட்டேன்.

யோசிக்காமல் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கடிதம் வந்ததிலிருந்து இதைத்தான் யோசித்தேன். பெரிய பெரிய ஆட்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உளறியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் தழைந்த குரலில், “அதை விட்டுடும்மா” என்பார்கள். ஒருவருக்காகவும் நான் விட்டதில்லை. உங்களுக்காக விட்டால், நீங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னதை நாளைக்கு வேறு யாருக்காகவாவது வேறு யாராவது விடுவார்கள். மந்திரிக்கு எப்படி எழுதுகிறோமோ அப்படியே பஞ்சர் கடைக்காரருக்கும் எழுதுகிற ஒரே இடம் அது. அதை என் கையால் கெடுக்கச் சொல்கிறீர்கள்.

நிமிர்ந்து பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நிமிர்ந்தால் அடுத்த சொல் போய்விடும். அது உங்கள் சொல்.

இன்னும் இரண்டு விஷயம். உங்கள் பேச்சின் நகலை உங்களுக்கு அனுப்புவார்கள். தவறாக எழுதப்பட்டிருந்தால் திருத்தி, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த அறையில் ஒலிப்பதிவு கிடையாது. நான் இப்படிச் சொல்லவே இல்லை என்று சாட்சி எழுதினால் அந்த வரியை எடுத்துவிடுவார்கள். எழுதியவர் தவறாகக் கேட்டார் என்று என் பெயருக்கு எதிரே குறிப்பு வைப்பார்கள். ஜூனில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். உங்களைத் தடுக்க இதைச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டு அப்புறம் வருந்தக் கூடாது, அதற்காகத்தான்.

இரண்டாவது, அறிக்கை எழுதும் வரை, அதாவது ஏப்ரல் கடைசி வரை, கூடுதல் விளக்கம் அனுப்பச் சாட்சிக்கு உரிமை உண்டு. அது எல்லாருக்கும் உள்ள உரிமை, யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். இந்த ஒரு பதிலோடு சரி, அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை சாட்சியோடு எழுத்தும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்றார். அம்மாவோடு பேசும்போதும் உங்களிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள்.

மகள்


ஏப்ரல் 27
பஞ்சர் கடை
(இது தபாலில் போகாது)

மகளுக்கு,

எழுதக் கூடாது என்றாய். அனுப்பத்தானே கூடாது. எழுதி வைக்கிறேன், அறிக்கை வந்த பிறகு படித்துக்கொள்.

முதலில் உன் மேல் பயங்கரக் கோபம். அப்பன் எழுதிய கடிதத்தை அதிகாரியிடம் காட்டுகிற பெண் என்று அம்மாவிடம் கத்தினேன். “அவ உங்களை மாதிரிதான். காட்டக் கூடாததை எல்லாம் நாலு பேர் முன்னாடி காட்டுவா” என்றாள்.

நகல் வந்தது. என் பேச்சு எனக்கே அச்சில். எங்கெங்கே திக்கினேனோ அங்கெல்லாம் புள்ளி. ரசீது என்று அவர் சொன்னதும் இருந்தது. ‘சிரிப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாய். ஒரு சொல் கூடப் பிசகில்லை. பிசகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

தெருக்காரர்கள் கடையில் கூடிவிட்டார்கள். நகலோடு வந்த காகிதத்தை டீச்சர் படித்துவிட்டு, “வழி இருக்கு. நான் அப்படிச் சொல்லலைன்னு ஒரு வரி எழுதுங்க, எடுத்துடுவாங்க” என்றார். டீக்கடைக்காரர் அதற்கு மேலே போனார். “எழுதினவன் எவனோ. சர்க்கார் சம்பளம் வாங்குறவன். அவனுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?” பேனாவை என் கையில் வைத்தே விட்டார்கள். எனக்கும் கை போனது, அதை மறைக்க மாட்டேன். நீ இருக்கும் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் எழுதியிருப்பேன். அதை நினைத்தபோதுதான் எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொருத்தர் வீட்டுப் பெண் என்றால் பரவாயில்லையா?

“எழுதினவன் இல்லங்க, எழுதினவ” என்றேன். “என் பொண்ணு. அவளுக்குக் காது நல்லாவே கேக்கும்.”

டீக்கடைக்காரர் பேனாவை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். டீச்சர், “அப்போ உங்க பொண்ணுக்காக எங்க வழியை அடைக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சரியாக உள்ளது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதற்கப்புறம் கடைப் பக்கம் யாரும் வரவில்லை. வண்டிகள் வந்தன. மனிதர்கள் வரவில்லை.

அந்தக் கூடுதல் விளக்கம் மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கம்ப்ரசரை அணைத்துவிட்டு, புதுத் தாள்களை எடுத்துக்கொண்டு நானே வீடு வீடாக ஏறினேன். மனுவை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினேன். நான் படிக்கிற வேகத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். “இந்தத் தடவை காத்து உண்டா?” என்று கேட்டவர்கள் உண்டு. “உண்டு, காசு கொடுத்தா” என்றேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். நான் கேட்டை நினைத்துக்கொண்டேன், எனக்கு இது தகும் என்று தோன்றியது.

கடைசித் தெருவில் ஒரு தையல்காரப் பெண்மணி. முழுக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். “என் வீட்டுக்காரர் அந்தக் கேட்லதான் அடிபட்டார். கேட் சாத்தியிருக்கும்போது குனிஞ்சு போனார். எல்லாரும் அப்படித்தான் போறீங்க. மூடட்டும் அண்ணே. மூடிட்டு, ஜனங்க நடக்கக் கீழ ஒரு வழி போடச் சொல்லுங்க, நான் கையெழுத்து மட்டும் இல்ல, கூடவே வர்றேன்.”

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்னதுதான் சரி. அதுதான் எனக்கு ஆகாதது. கீழே வழி போட்டால் ஜனங்கள் நடப்பார்கள், வண்டி நிற்காது. இத்தனை நாள் கேட்டைத் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்டேனே தவிர, நடப்பதற்கு வழி கொடுங்கள் என்று கேட்கவே இல்லை. எனக்கு வசதியான பாதியைத்தான் ஊரைக் கொண்டு கேட்க வைத்திருக்கிறேன்.

டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கதவைப் பாதிதான் திறந்தார். கேட்டதும் முழுக்கத் திறந்து, “உங்க கடை?” என்றார். “அதை அப்புறம் ஒட்டிக்கலாம், நீங்க எழுதுங்க” என்றேன். சுரங்க நடைபாதை திறக்கும் வரை கேட்டை மூடாதீர்கள், அப்புறம் மூடுங்கள் என்று புது விளக்கம் எழுதி அனுப்பினோம். முன்பு சேர்ந்ததில் கால்வாசிகூட இல்லை கையெழுத்து. ஆனால் ஒவ்வொருவரையும் எனக்கு முகம் தெரியும், எது எதற்குச் சண்டை போட்டார்கள் என்றும் தெரியும். போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. டயர் உருட்டத் தோன்றவில்லை. தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறேன்.

அப்பா


மே 12
உன் ஆபீஸ் வாசல், எதிர்ப்புறப் பெஞ்சு

அன்பு மகளுக்கு,

அவையில் அறிக்கை வைக்கிறார்கள் என்று எம்.பி. ஆபீசில் சொன்னார்கள். பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டேன். கையை ஆட்டக் கூடாது, எழக் கூடாது, இருமினால்கூட வெளியே போய் இருமிவிட்டு வரவேண்டும் என்று காவலர் பாடம் எடுத்தார். சட்டைப் பையில் இருந்த டயர் காற்று பார்க்கும் கருவியை வேறு வாங்கி வைத்துக்கொண்டார், துப்பாக்கி என்று நினைத்தாரோ என்னவோ.

நம் அறிக்கையை வைத்தபோது அவையில் பாதி நாற்காலி காலி. ஒருவர் கொட்டாவி விட்டார். தலைவர் அம்மா எழுந்து வாசித்தார். கடை வாசலில் வாங்கிய கையெழுத்துகளைக் குழு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையாம். பிறகு அனுப்பிய விளக்கத்தை ஏற்கிறதாம். சுரங்க நடைபாதை திறக்கும் வரை நடப்பவர்களுக்காகக் கேட் இருக்க வேண்டும் என்று பரிந்துரையாம். வண்டிகளுக்கு அடுத்த மாதமே மூடலாமாம். அவ்வளவுதான். அடுத்து மீன்பிடிப் படகைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பரிந்துரை என்றால் செய்வார்களா, செய்ய மாட்டார்களா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்கலாம் என்று பார்த்தால், பேசவும் கூடாது.

நடுவில் இருந்த மேஜையில் நீதான் எழுதிக்கொண்டிருந்தாய். மேலே இருந்து உன் வகிடு தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு எழுத என் பங்குக்கு ஒரு வார்த்தையும் வைக்கவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். என்னைப் பார்த்தாயா, இல்லையா என்று தெரியவில்லை.

வெளியே வந்தும் உட்கார முடியவில்லை. காவலர் இரண்டு தடவை, “பெரியவரே, பெஞ்சு உட்காரத்தான் போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டார். டீச்சருக்குச் சொல்ல வேண்டும். தையல்காரப் பெண்மணிக்குச் சொல்ல வேண்டும், அவர் ‘பரிந்துரைன்னா என்ன அண்ணே’ என்று கேட்பார், அதற்குப் பதில் தெரிந்துகொண்டு போக வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து கடை வாசலில் வண்டி நிற்காது. நடக்கிறவர்களுக்கு என்ன பஞ்சர் ஒட்டலாம் என்று அம்மா யோசிக்கிறாள். ஜூனில் உன்னை நிரந்தரம் ஆக்குவார்களா என்பது இதையெல்லாம்விட உதைக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியது உன் அதிகாரி கண்ணில் பட்டதா?

ஏப்ரலில் எழுதி வைத்ததையும் இதோடு சேர்த்து மடித்து, காவலர் கையில் உள்ளே கொடுத்து அனுப்புகிறேன். ஏப்ரலில் எழுதியதை விடுதிக்குப் போய் மெதுவாகப் படி. ஆனால் இப்போது படிக்காதே.

அறிக்கை வைத்தாகிவிட்டது. இனி சாட்சி இல்லை, உன் அப்பாதான். பதில் எழுத வேண்டாம். இறங்கி வா, பசிக்கிறது.

அப்பா